பலகையிலிருந்து போன பெயர்கள்

(தொழிற்கல்வி பற்றிச் சென்னையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'பென்ஸ் லாரி' என்ற சொல் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, தூக்கியவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அந்த லாரிக்கு அப்படித்தான் பெயர். செய்தது ஜாம்ஷெட்பூரில், டாடாவின் டெல்கோ ஆலையில். 1954-ல் டெல்கோ, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. லாரியின் முகப்பில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் மின்னியது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'டி' என்ற எழுத்தைப் பொருத்தினார்கள். லாரி அதே லாரிதான், சாலையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நம் டிரைவர்கள் வாயில் மட்டும் அது இன்னும் பல காலம் பென்ஸாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நட்சத்திரத்தைக் கழற்றிய நாளைத்தான் இன்றைய பேச்சு முழுவதும் நான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன். வெளிநாட்டுக் கல்லூரியோ நிறுவனமோ வந்து ஏழை நாட்டில் தொழிற்பயிற்சிக்குக் கை கொடுக்கிறது. கையெழுத்து, கைகுலுக்கல், நாடா வெட்டு எல்லாம் ஆகிறது. எல்லாப் படங்களும் முதல் நாளில் எடுத்தவையாகவே இருக்கும். கடைசி நாளில் யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கு அந்தக் கடைசி நாளைப் பற்றித்தான் ஆர்வம்.

இதைச் சென்னையில் இப்போது பேச ஒரு காரணம் உண்டு. 2025 செப்டம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் டெல்லிக்கு வந்தார். மேம்பட்ட உற்பத்தித் தொழில்களுக்கான தேசியத் திறன் மையம் ஒன்றைச் சிங்கப்பூரின் துணையோடு சென்னையில் அமைப்பது என்று அப்போது முடிவானது. நமக்குச் சொல்லித்தர வருகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் சொல்லித்தர வருகிறவர் யாரிடம் கற்றார் என்று கேட்பது நம் ஊர் வழக்கம். பாட்டுக் கற்கப் போனாலும் குருவின் குரு யார் என்று விசாரிப்போம் அல்லவா?

விசாரித்தால் விடை கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். சிங்கப்பூர் அரசு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நடத்திய முதல் தொழிற்பயிற்சி மையத்துக்கு 'டாடா-அரசுப் பயிற்சி மையம்' என்று பெயர். ஆண்டு 1972. ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் போய்ச் சிங்கப்பூர்ப் பையன்களுக்கு ராவச் சொல்லிக்கொடுத்தார்கள். அரத்தால் இரும்பை ராவுவதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரை இன்றைய சாங்கி விமான நிலையத்தை வைத்து நினைத்துப் பார்க்கக் கூடாது. 1960-ல் ஐ.நா. அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த டச்சுப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் பார்த்தது வேலையில்லாக் கூட்டமும் தொழிற்சங்கப் போராட்டமும் நிறைந்த ஒரு துறைமுகத்தை. 1961-ல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. ஹோன் சூயி சென் முதல் தலைவர். 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிவு. மூன்று ஆண்டுக்குள் பிரிட்டன், தன் படைத்தளங்களை 1971-க்குள் காலி செய்வதாக அறிவித்தது. நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. கையில் கனிமம் இல்லை, வயல் இல்லை, குடிக்கும் தண்ணீரே ஜொகூரிலிருந்து வர வேண்டும். மீதி இருந்தது ஆள் ஒன்றுதான். அந்த ஆளுக்கோ தொழில் தெரியாது. சங்கிலி போல ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்த சிக்கல் இது: ஆலை வந்தால் ஆள் தேவைப்படும், ஆள் இல்லாததால் ஆலை வர மறுக்கும்.

இந்த முடிச்சை அவர்கள் அவிழ்த்த விதத்தில் ஒரு வியாபாரியின் தந்திரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். டாடா சிங்கப்பூரில் துல்லியக் கருவிகள் செய்ய ஒரு ஆலை போட வந்தது. கழகம் சொன்னது: "உங்கள் ஆட்களை நீங்களே பழக்குங்கள். இடமும் பணமும் நாங்கள் தருகிறோம். ஆனால் உங்களுக்குத் தேவையானவர்களை மட்டும் பழக்கினால் போதாது, அதற்கு மேலும் பழக்க வேண்டும். மிஞ்சுகிறவர்களை நாங்கள் மற்ற ஆலைகளுக்குக் கொடுப்போம்." இரண்டாண்டுப் பயிற்சி. முடித்தவர்கள் சில ஆண்டுகள் சொன்ன இடத்தில் வேலை செய்யக் கட்டுப்பட்டவர்கள். நிறுவனத்துக்குத் தன் கையாலேயே தேர்ந்தெடுத்துப் பழக்கிய ஆட்கள் கிடைத்தார்கள். நாட்டுக்கோ, அடுத்து வரும் முதலாளியிடம் காட்ட டூல் அண்ட் டை, அதாவது கருவியும் அச்சும் செய்யும் வேலை தெரிந்த பையன்கள் கையிருப்பில் இருந்தார்கள். விருந்தாளி சமைத்தார், சாப்பாடு தெருவுக்கே கிடைத்தது.

டாடாவை ஏன் பிடித்தார்கள் என்று கேட்கலாம். டெல்கோவின் சுமந்த் மூல்காவ்கர் புனேயில் 1966-ல் ஒரு காரியம் செய்திருந்தார். அங்கே பெரிய அளவில் வண்டி உற்பத்தி தொடங்குவதற்கு வெகு முன்பே டூல் ரூமையும் பயிற்சிப் பிரிவையும் நிறுத்தினார். முதலில் ஆள், பிறகு அச்சு, பிறகுதான் வண்டி. அந்தப் பாடத்தின் ஒரு பங்கு ஜெர்மானியர்களோடு இருந்த பதினைந்து ஆண்டுகளில் வந்தது. ஆக, நட்சத்திரத்தைக் கழற்றிய மூன்றாவது ஆண்டே டாடா அடுத்தவருக்குச் சொல்லித்தரப் புறப்பட்டுவிட்டது.

இந்தப் பள்ளிகளின் முதல் வாரங்களைப் பற்றி ஃபிட்டர் ட்ரேடில் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து ராவச் சொல்வார்கள். காலையிலிருந்து மாலை வரை. சமதளமாக இருக்கிறதா என்று ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். கீறலாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். மெஷினில் ஒரு நிமிடத்தில் முடிவதைக் கையால் ஏன் மூன்று வாரம் செய்ய வேண்டும் என்று எல்லா ஊர்ப் பையன்களும் கேட்பார்கள். நானும் கேட்டேன். என் வாத்தியார் பதில் சொல்லாமல் புதுக் கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பதில் எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் கிடைத்தது. மெஷினின் சத்தம் மாறியதும், டூல் மழுங்கிவிட்டது என்று என் கை எனக்கு முன்பே போய் அதை நிறுத்தியது.

1973-ல் அடுத்த கூட்டாளி, ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனம். 1975-ல் பிலிப்ஸ். ரோலையின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரவுன்ஷ்வைக் நகரத்துக்காரர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் 'ரோலை 35' என்ற கேமராவைச் சிங்கப்பூரில் செய்தார்கள். பழைய கேமரா சேர்ப்பவர்களிடம் இன்றும் பார்க்கலாம், 'ரோலை, சிங்கப்பூர்' என்று அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். லென்ஸ் தேய்ப்பது, நுண்ணிய திருகு வெட்டுவது எல்லாம் அங்கேயே கற்றுக் கொடுத்தார்கள். ஆனால் ஜப்பானியக் கேமராக்கள் சந்தையைப் பிடித்துவிட்டன. 1981-ல் ரோலை நொடித்தது. சிங்கப்பூர் ஆலையும் மூடியது.

கூட்டாளி செத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில். வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மைக்ரான் கணக்கில் வேலை செய்யத் தெரிந்த கையைத் தேடி வேறு ஆலைகள் வந்தன. அடுத்த ஆண்டே, 1982-ல், சீகேட் நிறுவனம் ஹார்ட் டிஸ்க் செய்யச் சிங்கப்பூருக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகத்து ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழப் பாதி அந்தத் தீவிலிருந்து போயிற்று. ரோலையின் ஆட்களால்தான் இது நடந்தது என்று ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது. இருந்தாலும் ஒரு ஆலையின் பூட்டு ஊரின் தொழிலையே பூட்டவில்லை.

அவர்கள் இன்னொரு பாடமும் படித்தார்கள். நிறுவனத்துக்குத் தெரிந்தது அதன் தொழில் மட்டும், நிறுவனம் போனால் ஆசிரியரும் போய்விடுவார். எனவே அடுத்த சுற்றில் நிறுவனங்களை விட்டு நாடுகளைப் பிடித்தார்கள். 1979-ல் ஜப்பானோடு ஒரு பயிற்சி மையம். 1982-ல் உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கு ஜெர்மன்-சிங்கப்பூர் இன்ஸ்டிடியூட். 1983-ல் மின்னியலுக்கு பிரெஞ்சு-சிங்கப்பூர் இன்ஸ்டிடியூட், இதற்குப் பாரிஸ் வணிகச் சபையின் பொறியியல் கல்லூரி கூட்டாளி. மூன்று நாடு, மூன்று பள்ளி, ஒரே காலம். நம் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று சமையல்காரர்களை வைத்தால் சண்டைதான் வரும். அவர்கள் வேண்டுமென்றே வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருவரையே நம்பினால் அவர் தருவதுதான் கல்வி. மூவர் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வந்த நிபுணர்கள் பாடம் நடத்துவதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு உள்ளூர் ஆள் இருந்தார். அந்த உள்ளூர் ஆசிரியரை ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ ஜப்பானுக்கோ அனுப்பி, அங்கே பட்டறையில் நிற்க வைத்து, திரும்பி வந்ததும் நாற்காலியைக் கொடுத்தார்கள். வெளிநாட்டு நிபுணர் ஊருக்குக் கிளம்பும்போது வகுப்பு நிற்கவில்லை.

1992-ல் நன்யாங் பாலிடெக்னிக் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜெர்மன் பள்ளியும் பிரெஞ்சுப் பள்ளியும் அதற்குள் போயின. பலகையிலிருந்து 'ஜெர்மன்' போயிற்று, 'பிரெஞ்சு' போயிற்று. அப்படிப் பெயர் அழிவதையே நான் வெற்றி என்பேன். நன்யாங்கின் முதல் முதல்வர் லின் செங் டோன் ஜெர்மன் பள்ளியிலிருந்து வந்தவர். அங்கே வளர்த்த ஒரு ஏற்பாட்டை அவர் கையோடு கொண்டுவந்தார். 'கற்பிக்கும் ஆலை' என்று அதைச் சொல்வார்கள்.

அது என்ன என்று புரிய, முதலில் நம் கல்லூரிகளில் புராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பருவத்தில் ஆரம்பிக்கும். பாதிப் பேர் ரிச்சி தெருவில் வாங்கி வந்து வைப்பார்கள். (சிரிப்பு.) தேர்வு வந்ததும் எல்லாம் மூட்டை கட்டப்படும். எந்த ஆலை முதலாளி இந்தப் பட்டறைக்கு வேலை கொடுப்பார்? அவர் ஆர்டர் நம் தேர்வு அட்டவணைக்காகக் காத்திருக்குமா? நன்யாங்கில் கடைசி ஆண்டு மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வகுப்பில் இருக்கும்போது மறு பாதி புராஜெக்டில் இருக்கும். பிறகு மாறிக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் பட்டறையில் ஆள் இருக்கும், விளக்கு அணையாது. உண்மையான ஆலைகள் உண்மையான வேலையைக் கொடுத்தன. கால அட்டவணையில் ஒரு கோட்டை மாற்றிப் போட்டதுதான் இதன் அடிப்படை. இதற்கு எந்த நாட்டின் உதவியும் வேண்டியதில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

எல்லாம் தேன் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிற்பள்ளிக்குப் போகிறவனை ஏளனமாகப் பார்ப்பது அங்கேயும் இருந்தது. 1992-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக் கழகம், ஐடிஇ என்பார்கள், அந்த மூன்று எழுத்தை 'இட்ஸ் தி எண்ட்' என்று பிள்ளைகளே விரித்துச் சொன்னார்கள். அத்தோடு கதை முடிந்தது என்று பொருள். நம் ஊரில் 'பத்தாவதில் கோட்டை விட்டான், ஐடிஐயில் போட்டிருக்கோம்' என்று மாமா சொல்வாரே, அதே குரல். ஜெர்மன் லேத்தை இறக்குமதி செய்யலாம், ஃபிட்டருக்கு ஜெர்மனியில் கிடைக்கும் மரியாதையைக் கப்பலில் ஏற்ற முடியாது. 2005 முதல் பெரிய வளாகங்களாகக் கட்டி, பெயரை மீட்க அவர்கள் பாடுபட்டார்கள்.

பிறகு கற்றவர் கற்பிக்கப் போன படலம். 1997-ல் சீனாவின் சுஜோவில் நன்யாங்கை மாதிரியாகக் கொண்டு ஒரு தொழிற்கல்லூரி. 2013-ல் டெல்லி விவேக் விஹாரில் ஐடிஇயின் துணையோடு ஒரு திறன் மையம். 2016 அக்டோபரில் உதய்ப்பூரில் சுற்றுலாப் பயிற்சி மையம், திறக்க அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங்கே வந்தார். பின்னர் புவனேஸ்வர். இப்போது சென்னை. ஜாம்ஷெட்பூரிலிருந்து போனது ஐம்பது வருடம் சுற்றிவிட்டு நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

இங்கே ஒருவர் எழுந்து, 'சிங்கப்பூர் கையகலம், நம்மோடு எப்படி ஒப்பிடுவது?' என்று கேட்டால் அவர் கேட்பது நியாயம். அங்கே பொருளாதார வளர்ச்சிக் கழகமே ஆலையையும் அழைத்தது, பள்ளியையும் நடத்தியது. பையன் படித்து முடிக்கும்போது வாசலில் வேலை காத்திருந்தது. தங்கள் பணத்தையும் போட்டார்கள். பாதிப் பணம் போட்டவனுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வரும், முழுதும் தானமாக வாங்கியவன் நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்வான்.

அதனால் நமக்குப் பக்கத்தில் உள்ள வேறு கதைகளையும் பார்க்க வேண்டும். இலங்கையில் 1958-ல் பேருந்துகளை அரசுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தார்கள். பழுது பார்க்க மெக்கானிக் வேண்டும். 1959-ல் மேற்கு ஜெர்மனியோடு ஒப்பந்தம், வெரஹெரவில் பயிற்சிப் பள்ளி. இப்போது மொரட்டுவையில் இருக்கிறது. ஜெர்மானியர்கள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, 'ஜெர்மன் டெக்' என்றுதான் இன்றும் ஊர் சொல்கிறது. பலகையிலும் ஜெர்மனி உண்டு. பெயர் அழிவதே வெற்றி என்று நான் சொன்னதற்கு இது நேர் எதிர்ச் சாட்சி. நிறுவனம் நன்றாகத்தான் ஓடுகிறது, சான்றிதழுக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தரம் நாடெங்கும் உள்ள மற்றப் பள்ளிகளுக்கு இறங்கி வந்திருந்தால், பெற்றோர் இன்னும் ஜெர்மனியின் பெயரைத் தேடிப் போக வேண்டியிருக்காதே என்ற எண்ணம் எனக்கு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 2016-ல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்னொரு இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிலையம் திறந்தபோது, அதற்கு மாதிரியாக நின்றது மொரட்டுவை. ஊரே உடைந்து கிடந்த இடத்தில் மோட்டார் பழுதும் கட்டுமானமும் உணவுத் தொழில்நுட்பமும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. அதன் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கேரளத்தில் தலச்சேரிக்கு அருகே நெட்டூர். மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் வாழ்ந்த இடம். 1959-ல் சுவிட்சர்லாந்துத் திருச்சபை உதவியோடு அங்கே ஒரு டூல் ரூம் பள்ளி தொடங்கியது. அதைச் சுருக்கி என்டிடிஎஃப் என்றால் நம் ஓசூர்ப் பையன்களுக்குத் தெரியும். அதன் முதல் எழுத்தில் இருப்பது சுவிஸ் இல்லை, நெட்டூர்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. எந்தக் கல்லூரி, எந்த நாடு என்று கேட்க வேண்டாம். நான் பாலிடெக்னிக் பட்டறையில் பயிற்றுநராக இருந்தவன். வெளிநாட்டுக் கூட்டுறவில் எங்களுக்கு ஒரு சிஎன்சி மெஷின் வந்தது. இறக்கிவைக்கக் கிரேன் வந்தது, திறந்துவைக்க அமைச்சர் வந்தார். எங்களில் ஒருவர் ஆறு வாரம் அந்த நாட்டுக்குப் போய்ப் பழகி வந்தார். நல்ல கை. மெஷின் வந்து எட்டாவது மாதம் அவருக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல். ஒரு நாள் கண்ட்ரோல் கார்டு போயிற்று. உதிரிபாகத்துக்கு எழுதினோம், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினோம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜை அன்று மட்டும் உறையைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி வைத்துக் கும்பிடுவோம். பதினோரு பூஜை நான் பார்த்தேன்.

யாரையும் திட்ட இதைச் சொல்லவில்லை. கொடுத்தவர் நல்ல மனதோடு கொடுத்தார். வாங்கிய நாங்கள் மெஷினைப் பதிவேட்டில் ஏற்றினோம், பழகிய ஆளை ஏற்றவில்லை. அவர் போன அன்றே கூட்டுறவு முடிந்துவிட்டது, எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீன மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோ, முப்பரிமாண அச்சு என்று வந்திறங்கியதைப் போய்ப் பாருங்கள், நான் படித்த பட்டறையா என்று மலைப்பாக இருக்கும். மறுபடி டாடா, பாருங்கள். இப்போது சிங்கப்பூரும் வருகிறது. பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கும் நிலையங்கள் கிண்டியில் 1960-களிலிருந்தே இருக்கின்றன. மண் புதிது இல்லை.

ஒப்பந்தம் எழுதுகிறவர்களிடம் நான் சில சில்லறை விஷயங்களைக் கேட்பேன். எத்தனை ஆசிரியர்கள் சிங்கப்பூருக்குப் போகிறார்கள்? ஆறு வாரமா, ஆறு மாதமா? அவர்கள் போயிருக்கும்போது இங்கே வகுப்பை யார் எடுப்பார்? திரும்பி வந்தவரை எத்தனை ஆண்டுகளுக்கு மாற்ற மாட்டீர்கள்? மெஷின் நின்றால் உதிரிபாகம் வாங்க முதல்வருக்கே அதிகாரம் உண்டா, கோப்பு கோட்டைக்குப் போக வேண்டுமா? மிஞ்சுகிற பையன்கள் எந்தெந்த ஆலைக்கு என்று ஒரகடத்தோடும் ஓசூரோடும் பேசியாயிற்றா? 1972-ல் சிங்கப்பூர் டாடாவிடம் கேட்டது போல நாமும் நம் கூட்டாளியிடம் தேவைக்கு மேல் கேட்டிருக்கிறோமா?

நேரம் முடிந்தது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டாம் வரிசையில் கிண்டியில் முப்பது வருடம் டர்னர் ட்ரேடு நடத்திய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் ராவுவதைப் பற்றிப் பேசியபோது தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். மறுப்பா, ஆமோதிப்பா என்று எனக்குப் புரியவில்லை. ஐயா, முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். மைக்கை அவரிடம் கொடுங்கள்.